கனக்கிறது என்று சொல்லாத கழுத்து

குப்புறப் படுத்திருந்தேன். முகத்துக்கு நேரே கட்டிலில் வட்டமாக ஒரு துளை. அதன் வழியாகத் தரையின் வெள்ளை டைல்ஸ் ஒன்றும், அதில் மயிரிழைபோல ஒரு கீறலும், அவ்வப்போது வந்துபோகும் இரண்டு நீல ரப்பர் செருப்புகளும் தெரிந்தன. அவ்வளவுதான் உலகம். பச்சைத் திரைக்கு அப்பால், ரோட்டில், திருச்செந்தூர் பஸ் ஒன்று ஏர் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. சூடாக்கிய எண்ணெயின் வாசனை அறை முழுக்க இருந்தது.

“எப்படித் தம்பி இருக்கு? அழுத்தம் சரியா?” என்று செருப்புகளுக்கு மேலே இருந்து குரல் கேட்டது.

“நல்லா இருக்குண்ணே” என்றேன்.

கழுத்தும் வலது தோளும் சேருகிற இடத்தில் அவருடைய கட்டைவிரல் அப்போதுதான் இறங்கியிருந்தது. என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் அந்தத் துளை வழியாகப் போய்க் கீறலுக்குப் பக்கத்தில் விழுந்தது. விழுந்ததை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நல்லா இருக்கு என்றுதான் வாய் சொன்னது.

கண்ணாடிக் கூண்டு

போன வாரம், எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் என்று எழுதியிருந்தேன். பாலிடெக்னிக் முடித்துத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் முற்றத்தில் கிரேன் ஓட்டப் பயிற்சிக்குச் சேர்ந்ததையும் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், “உட்கார்ந்து லீவரை ஆட்டுகிற வேலைதானே, அதில் என்ன கஷ்டம்?” என்று கேட்டார். என் அப்பாவும் அதையேதான் கேட்டார்.

நான் ஓட்டுவது இரண்டு பக்கமும் ரப்பர் டயர் வைத்த உயரமான கிரேன். உச்சியில் ஒரு கூண்டு. கூண்டின் தரை கண்ணாடி. கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் கீழே பெட்டிகள் தீப்பெட்டி போலத் தெரியும். பெட்டியின் நான்கு மூலையிலும் இருக்கும் துளைகளில் கிரேனின் நான்கு பூட்டுகளையும் சரியாக இறக்க வேண்டும். காலையிலிருந்து ஷிப்ட் முடியும்வரை கழுத்து குனிந்தேதான் இருக்கும். பக்கத்தில் லாரி வந்தால் வலதுபுறம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பயிற்சி முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை எனக்கு வலதுபுறம் இல்லாமல் போய்விட்டது. கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்வு. தேறினால் நிரந்தர ஆபரேட்டர். தேறாவிட்டால் அடுத்த தேர்வு எப்போது என்று யாரும் சொல்லவில்லை. திரும்பாத கழுத்தோடு மேலே ஏறினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. லாரி டிரைவர் கீழே இறங்கி நிற்பதை நான் பார்க்காமல் விட்டால்?

சும்மாடு

வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் அம்மா. குழம்புச் சட்டியை எடுக்க நான் இடுப்போடு திரும்பியதைப் பார்த்துவிட்டாள்.

“ஏல, என்ன பட்டாளத்துக்காரன் மாரி திரும்புத?”

“ஒண்ணும் இல்லம்மா. சுளுக்கு.”

அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “நான் தலையில மூட்ட சுமந்தவன். எனக்குக் கழுத்து நல்லாத்தான் இருக்கு. இவன் ஏசி ரூம்ல உக்காந்து கீழ பாக்கான். அதுக்குக் கழுத்துச் சுளுக்காம்.”

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் உப்புக் கிட்டங்கியில் சுமை தூக்குகிறவர். கிட்டங்கி என்றால் எங்கள் ஊரில் சரக்கு அடுக்கிவைக்கும் பெரிய கொட்டகை. ஒரு பழைய சிவப்புத் துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் உப்பு மூட்டையை ஏற்றி, சாய்த்து வைத்த பலகை வழியாக லாரியில் ஏறி இறக்குவார்கள். ஒருவர் பின்னால் ஒருவர், இடைவெளி விடாமல்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூட்டை தலையில் இருக்கும்போது யாரும் கனக்கு, அதாவது கனக்கிறது, என்று சொல்லக் கூடாது. பலகையில் முன்னால் போகிறவன் அந்த வார்த்தையைச் சொன்னால் பின்னால் வருகிறவனுக்கு முழங்கால் விட்டுப்போகும் என்பார்கள். உண்மைதான் என்று நினைக்கிறேன். பேச வேண்டுமானால் எதை வேண்டுமானாலும் பேசலாம். மச்சினன் செய்த அநியாயத்தைப் பேசலாம், எலெக்‌ஷன் பேசலாம், கெட்ட வார்த்தை பேசலாம். கனத்தை மட்டும் பேசக் கூடாது. இறக்கி வைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் இறக்கி வைத்ததும் அடுத்த மூட்டை காத்திருக்கும். அதனால் அப்பா எப்போதும் சொன்னதில்லை.

அந்த வழக்கம் கிட்டங்கியோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட, “எப்படிலே இருக்கு?” என்று அப்பா கேட்பார், “நல்லா இருக்குப்பா” என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அதுதான் எங்களுக்குள் நலம் விசாரிப்பு.

போவதற்கு முன்னால்

என்னோடு கிரேன் ஓட்டுகிற ஒருவர்தான் ஜெரால்டு அண்ணனின் நம்பரைக் கொடுத்தார். பிசியோதெரபி படித்தவர், டவுனில் ஒரு மாடியில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறார், தசைப்பிடிப்புக்கு மசாஜ் செய்வார் என்றார். போன் செய்தேன். அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். கீழே விழுந்தாயா, கை மரத்துப்போகிறதா, விரலில் கூச்சம் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். “அப்போ ஞாயித்துக்கிழமை காலையில வா. குளிச்சிட்டு வா. வயித்த நிரப்பிக்கிட்டு வராத. தண்ணி நல்லாக் குடி. கழுத்துல செயின், கயிறு இருந்தா கழட்டி வச்சிரு” என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். “மசாஜா? அது சினிமாக்காரன்லா போவான்.”

அம்மாவுக்கு வேறு கவலை. “அங்கன பொம்பளைய இருப்பாளுகளா?”

“இல்லம்மா. ஆம்பளைதான். அதுக்குன்னு காலேஜ்ல படிச்சவரு.”

“படிச்சவனா? படிச்சிட்டு எதுக்கு அடுத்தவன் உடம்ப அமுக்குதான்?”

“கிரேன் ஓட்டவும்தான் நான் படிச்சேன்.”

“அது வேற” என்றாள். என்ன வேற என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை அவள் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுபோலத் தயார் செய்தாள். சட்டையைக் கழற்றச் சொல்வார்கள் என்று தெரிந்ததும், கிழிந்த பனியனோடு போகக் கூடாது என்று புதுப் பனியன் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். இரண்டு தடவை குளித்தேன். கழுத்தில் பவுடர் போட்டேன். இதெல்லாம் பரவாயில்லை. தப்பு நடந்தது அடுக்களையில்தான்.

“வயித்த நிரப்பக் கூடாதும்மா.”

“வெறும் வயித்தோட படுத்தா மயக்கம் வரும்லே. எண்ணெய் வேற தேய்க்கான். ரெண்டே இட்லி.”

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு முன்னால் இருக்க, ரெண்டே இட்லி என்பது எங்கள் வீட்டில் ஒரு பேச்சுக்குச் சொல்வது. புதுக்கோட்டை என்கிற எங்கள் சின்ன ஊரில் நான் ஏறின பஸ் டவுன் வந்து சேர்வதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஜெரால்டு அண்ணன் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “என்ன சாப்பிட்ட?”

சொன்னேன்.

“கறிக்குழம்பா! குப்புறப் படுத்தேன்னா அது மேல வந்து எனக்கு வணக்கம் சொல்லும். போ, பைய பீச்சு வரைக்கும் நடந்துட்டு வா. அடுத்த ஆளப் பாத்துட்டு உன்னயப் பாக்கேன்.”

நடந்தேன். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. கடல்காற்றில் புதுப் பனியன் முதுகோடு ஒட்டியது. போட்டிருந்த பவுடரெல்லாம் வேர்வையில் கரைந்து கழுத்தில் கோடு கோடாக இறங்கியது. திரும்பி வந்தபோது அவர் ஒரு ஈரத்துணியைக் கொடுத்து முதலில் அதைத் துடை என்றார். பவுடர் போட்டால் கை பிடிமானம் சரியாக வராதாம். பனியனையும் கழற்றச் சொன்னார். அது புதுசு என்று அவர் கவனிக்கவே இல்லை.

பத்துக்கு எத்தனை?

இப்போது அந்தத் துளைக்கே திரும்பி வருகிறேன். நாள் முழுக்கக் கண்ணாடித் தரை வழியாகக் கீழே பார்க்கிறவன், வைத்தியத்துக்கு வந்த இடத்திலும் துளை வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த அழுத்தத்தில் அது போய்விட்டது.

“வலிச்சாச் சொல்லணும், என்ன?”

“சரிண்ணே.”

சொல்லவில்லை. மூட்டை தலையில் இருக்கிறது. பலகையில் நடந்துகொண்டிருக்கிறேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, நல்ல பிள்ளையாகக் கிடந்தேன்.

கை நின்றது. நீலச் செருப்புகள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போயின.

“தம்பி, உன் கால் கட்டைவிரல் ரெண்டும் இறால் மாரி சுருண்டு கெடக்கு. பத்துக்கு எத்தன வலி? சொல்லு.”

“ரெண்டு.”

“எத்தன?”

“மூணு இருக்கும்ணே.”

“பரீட்சையில எல்லாவனும் மார்க்கக் கூட்டிச் சொல்லுவான். நீ என்னடே குறைச்சுச் சொல்லுத?” என்று சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இங்க பாரு. நீ சொன்னாத்தான் என் கைக்குத் தெரியும். நீ மூச்ச அடக்கிட்டுக் கெடந்தா உன் தசை இன்னும் முறுக்கும். முறுக்குதேன்னு நான் இன்னும் அமுக்குவேன். கடசியில ரெண்டு பேரும் மல்லுக்கட்டி, நான் வீட்டுக்குப் போவேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போவ.”

கட்டைவிரல் மறுபடி அதே இடத்துக்கு வந்தது. தொட்டதும் எனக்குத் தெரிந்தது, இதோ வரப்போகிறது என்று. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவர் அவசரப்படாமல் விரலை அங்கேயே வைத்திருந்தார்.

“எட்டு” என்றேன். “எட்டுண்ணே. வலிக்கு.”

உடனே விரல் லேசானது. நான் அடக்கிவைத்திருந்த மூச்சு வெளியே போனது. அது போகப் போக, கழுத்துக்குள் ஈரக் கயிறுபோல இறுகிக் கிடந்த ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. அதன்பிறகு நான் எண்களாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆறு. ஆறு. ஏழு, அங்கன ஏழு. அஞ்சு. நாலு. நடுவில் எங்கேயோ தூங்கியும் போனேன். எழுப்பியபோது கன்னத்தில் துளையின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது.

எழுந்து உட்கார்ந்து வலதுபுறம் திரும்பினேன். முழுதாக இல்லை, ஜன்னல் வரைக்கும் போனது. ஜன்னலில் ஒரு காக்கா இருந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு என் வலதுபுறத்தில் நான் பார்த்த முதல் உயிர் அது.

எண்ணெய் தேய்த்த உடம்பு

வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். சட்டென்று எழுந்து ஓடாதே. தண்ணீர் நிறையக் குடி. சாயங்காலம் வெந்நீரில் குளி. ஏசி, ஃபேன் காற்று கழுத்தில் நேராகப் பட வேண்டாம். கழுத்தை நீயே சொடக்கு எடுக்காதே. நாளைக்கு அடிபட்டதுபோல ஒரு நோவு இருக்கும், பயப்படாதே, சூடு ஒத்தடம் கொடு. இன்றைக்கு நன்றாகத் தூங்கு.

கடைசி ஒன்றில்தான் சண்டை வந்தது.

“தூங்கவா? எண்ணெய் தேய்ச்ச உடம்புக்குப் பகல்ல கண்ணசரக் கூடாதுலே. ஜன்னி வந்துரும்” என்றாள் அம்மா.

“டாக்டரே சொல்லியிருக்காரும்மா.”

“அவனுக்கு அம்மா இல்லையா? அவட்ட கேட்டுட்டுச் சொல்லியிருப்பானா?”

பாயில் படுத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் தூங்கிவிடாதபடி பேசிக்கொண்டே இருந்தாள். ஏரலில் யாருக்கு நிச்சயம் ஆச்சு, அடுத்த வீட்டுக்காரி வாங்கின மிக்ஸி எப்படிக் கத்துகிறது, மோர் மட்டும் இன்றைக்குத் தரமாட்டேன், மிளகு ரசம்தான். நான் ம் போட்டேன். ம் நின்றதும் தோளைத் தட்டினாள். “முழிச்சிருக்கியா?” “முழிச்சிருக்கேன்.” கடைசியில் பேசிக்கொண்டிருந்த அவளே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நானும் தூங்கினேன்.

மறுநாள் சொன்னபடியே நோவு வந்தது. வேலையிலிருந்து வந்தவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். சூடு ஒத்தடம் கொடுக்க மருந்துக்கடையில் ஏதாவது பை இருக்கிறதா என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் இரும்புச் சட்டி உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், அப்பா கல் உப்பை வறுத்துக்கொண்டிருந்தார். படபடவென்று உப்பு வெடித்தது.

“பை எதுக்கு? உப்பு இருக்குல்லா” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

வறுத்த உப்பைத் துண்டில் கொட்டி முடிச்சுப் போட்டார். அந்தச் சிவப்புத் துண்டு. எத்தனையோ மூட்டைகளுக்கு அடியில் இருந்து நடுவில் நைந்துபோன சும்மாட்டுத் துண்டு. என் பின்னால் உட்கார்ந்து கழுத்தில் ஒற்றினார். வேர்வையும் உப்பும் கலந்த அவருடைய வாசனை.

மூன்றாவது ஒற்றில் சூடு தோலைச் சுருக்கென்று பிடித்தது.

“சுடுதுப்பா” என்றேன்.

கை சட்டென்று விலகியது. சொல்லிவிட்டோமே என்று எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

“முன்னாலேயே சொன்னா என்னலே?” என்றார். முடிச்சை உள்ளங்கையில் வைத்து ஆற்றினார். “இப்ப?”

“இப்ப நல்லா இருக்கு.”

“நெசமாவா?”

“நெசமா.”

செவ்வாய்க்கிழமை

தேர்வு எடுக்க வெளியூரிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். வெள்ளை ஹெல்மெட், அதிகம் பேசாதவர். வாக்கி டாக்கியில் எண்களைச் சொல்வார். அந்தப் பெட்டியை எடுத்து அந்த வரிசையில் வைக்க வேண்டும்.

பாதி வரைக்கும் நன்றாகப் போனது. வலதுபுறம் திரும்பினேன், லாரி தெரிந்தது, டிரைவர் வண்டிக்குள் இருப்பது தெரிந்தது. பிறகு உயர வரிசையிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக் கொண்டுவரும்போது கழுத்தில் அந்தப் பழைய கயிறு மெதுவாக இறுகத் தொடங்கியது. மூன்று. நான்கு. நானே எண்ணிக்கொண்டேன்.

பெட்டி அந்தரத்தில் இருந்தது. அதைக் கொண்டுபோய், ஆடாமல் நிறுத்தி, இறக்கி, பூட்டுகளை விடுவித்தேன். ஆறு. அடுத்த எண்ணை அவர் சொல்லத் தொடங்கினார்.

அப்பாவுக்கு இந்த இடத்தில் அடுத்த மூட்டை வந்திருக்கும்.

வாக்கி டாக்கியின் பொத்தானை அமுக்கினேன். “சார், கழுத்து பிடிக்குது. கொஞ்ச நேரம் வேணும் சார்.”

வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. கண்ணாடிக்குக் கீழே அந்த வெள்ளை ஹெல்மெட் அசையாமல் நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அம்மா சுரண்டிய ஸ்டிக்கர்வரை எல்லாம் ஞாபகம் வந்தது.

“பெட்டி இறங்கியாச்சா?”

“இறங்கியாச்சு சார். பூட்டும் எடுத்தாச்சு.”

“சரி. தண்ணி குடிச்சிட்டு சொல்லு.”

குடித்தேன். தோள்களைக் காதுவரை தூக்கி இறக்கினேன். ஜெரால்டு அண்ணன் சொன்னதுபோல மூச்சை விட்டேன். ரெடி சார் என்றேன். மீதிப் பெட்டிகளையும் வைத்து முடித்து ஏணியில் இறங்கினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “சீட்டைக் கொஞ்சம் முன்னால இழுத்துக்கோ, இவ்வளவு குனிய வேண்டியிருக்காது” என்றார். நான் தேறிவிட்டேன் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் முறை

அன்று சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் சொன்னேன். நடுவில் நிறுத்தச் சொன்னதையும் சொன்னேன். அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். கை கழுவப் போகும்போது அப்பா, “கொஞ்ச நேரம் வேணும்னு சொன்னியா? அவன் சரின்னுட்டானா?” என்றார்.

“ஆமாப்பா.”

“ம்.”

சில நாள் கழித்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, யாருக்கோ விசாரிப்பதுபோலக் கேட்டார்: “அந்த மசாஜ் பையன்... வயசான ஆளுகளுக்கும் பாக்கானாலே?”

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் போனோம். இட்லி உண்மையிலேயே இரண்டுதான். அடுக்களையில் நானே காவல் நின்றேன். ஜெரால்டு அண்ணன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பாவுக்குப் பதிலாக அம்மாதான் பதில் சொன்னாள்: ராத்திரி புரண்டு படுக்கும்போது முனகுவாரு, இடது கை மேல போகாது, கேட்டா ஒண்ணும் இல்லம்பாரு. அப்பா அவளை முறைத்தார். ஏளா, நீ உள்ள வராத என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போனார். முதலில் மிதமாகத்தான் தொடுவேன், சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன் என்று ஜெரால்டு அண்ணன் எங்களிடம் சொல்லிவிட்டு அவர் பின்னால் போனார்.

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மடியில் வெந்நீர் பாட்டில். அம்மாவின் மடியில், அப்பா திரைக்குள்ளிருந்து கழற்றிக் கொடுத்த அந்தப் புதுப் பனியன்; இந்தத் தடவை அதை அப்பாவுக்குப் போட்டு அழைத்து வந்திருந்தாள்.

கட்டில் கிரீச்சிட்டது. துண்டை உதறும் சத்தம்.

“அண்ணாச்சி, வலிச்சாச் சொல்லணும். உங்க பையன் மாரி பொய் சொல்லக் கூடாது.”

“ம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். அதன் அடியில் அந்த நீலச் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

“கனக்கு” என்றார் அப்பா. “கனக்கு, தம்பி.”

“அண்ணாச்சி, நான் இன்னும் கையே வைக்கலியே!”

“தெரியும்” என்றார். “சொல்லிப் பாத்தேன்.”